பணிக்கு மீளும் பெண்கள்

நோய் நீங்கிய நாளும் உள்ளம் தேறிய நாளும் ஒன்றல்ல. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று உத்தியோகத்துக்குத் திரும்பும் பெண்ணிடம், “இனியென்ன, எல்லாம் சுகந்தானே?” என்று கேட்போர் அன்புடையோரே. எனினும், அக்கேள்வியின் பின் அவள் தன் அச்சத்தைச் சொல்ல இடமில்லாது போகின்றது. எழுத்தையே தொழிலாகக் கொண்ட மூவரின் வாழ்வு இதனை நன்கு விளக்கும்.

ஆங்கில நாவலாசிரியை பனி பேர்ணி, 1811ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள், பாரிஸ் நகரிலே, நெப்போலியனின் படை வைத்தியராகிய லரே என்பாரிடம் சத்திரசிகிச்சை பெற்றார். மயக்கமருந்து வழக்கில் வராத காலம் அது. புற்றுநோயெனக் கருதி மார்பை அறுத்த வேதனையை அவர் மயக்கமருந்தின்றியே தாங்கினார். புண் ஆறியது, ஆனால் அதனைப் பற்றிப் பேசவும் அவரால் பல மாதங்கள் இயலவில்லை. 1812இல் தமக்கை எஸ்தருக்கு நீண்ட மடல் ஒன்றில் யாவற்றையும் எழுதியபோதும், எழுதியதை மீளப் படிக்க அஞ்சினார். அவருடைய இறுதி நாவல் 1814இல் வெளிவந்தது. 1840இல், எண்பத்தேழு வயதில், அவர் மறைந்தார்.

அமெரிக்க விஞ்ஞான எழுத்தாளர் றேச்சல் கார்சனுக்கு 1960இல் மார்பகம் அகற்றப்பட்டது. நோயின் உண்மையான இயல்பை அவருடைய வைத்தியர் அப்போது அவருக்குச் சொல்லவில்லை, பின்னரே அறிந்தார். அந்நிலையிலும், பூச்சிகொல்லி நஞ்சுகளின் கேட்டை எடுத்துரைத்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை முடித்து 1962இல் வெளியிட்டார். 1963இல் அமெரிக்க செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். நெருங்கியோர் சிலரன்றி எவரும் அவர் நோயை அறியார். அதனைக் காட்டித் தம் ஆராய்ச்சியின் நடுநிலையை எதிரிகள் ஐயுறுவர் என அவர் அஞ்சினார். 1964 ஏப்ரலில் அவர் காலமானபோது வயது ஐம்பத்தாறு.

கறுப்பினக் கவிஞரும் கல்லூரி ஆசிரியையுமான ஓட்றி லோட், 1978இல் மார்பகம் அகற்றப்பட்டபின், பொய்மார்பு அணிய மறுத்தார். வைத்தியரின் அலுவலகத்துக்கு அவ்வாறே சென்ற அவரை, மற்றையோரின் மனத்தைரியம் குன்றும் என்று தாதி ஒருவர் கடிந்தார். தம் இழப்பை மறைப்பது பிறர் வசதிக்கேயன்றித் தம் நலத்துக்கன்று என்பதை அவர் கண்டுகொண்டார். 1980இல் வெளிவந்த அவரது ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ அவ்வுணர்வின் விளைவாகும்.

மூவருக்கும் தொழில் ஊன்றுகோலாயிற்று. ஆனால் தொழில் மட்டும் போதுமாயின், பேர்ணி அம்மடலை எழுதியிருக்க வேண்டியதில்லை. கார்சனின் மௌனம் அவர் விரும்பி ஏற்றதன்று. சூழல் அவர்மீது சுமத்தியது. பேசுவதோ பேசாதிருப்பதோ நோயுற்றவளின் உரிமை. பேசினால் கேடு வராது என்ற உறுதியை அளிப்பது உடன் தொழில் புரிவோரின் கடமை.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. எனவே நம் பாடசாலைகளுக்கும் இவ்விடயம் புறம்பானதன்று. சிகிச்சை முடிந்தபின்னும் களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம், கை வீங்கலாம், ஞாபகம் தளரலாம், ஒவ்வொரு பரிசோதனையின் முன்னும் நோய் திரும்புமோ என்ற பயம் எழலாம். கரும்பலகையில் எழுதக் கையுயர்த்துவதே ஓர் ஆசிரியைக்குக் கடினமாகலாம். தொடக்கத்திற் பாடவேளைகளைக் குறைத்தல், மாடிப்படி ஏறாத வகுப்பை ஒதுக்குதல், கிளினிக் நாளில் முகஞ்சுளியாது விடுப்பு அளித்தல் என்பன பெருஞ்செலவுடையனவல்ல. “சுகந்தானே?” என்று கேட்டு விலகாமல், “இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், ரீச்சர்?” என்று கேட்டு, விடை வரும்வரை அருகில் இருப்பது அவற்றினும் எளிது. ஆயினும் நம் ஆசிரியர் அறைகளில் அரிதாய்க் காணப்படுவதும் அதுவே.