தோட்டம் கைமாறினால் கையில் என்ன மிஞ்சும்?

சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வீடு கட்டும் கம்பெனிக்குத் தோட்டத்தை விற்றுவிட்டார்களாம். லயத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார் ஓர் அக்கா.

"ஏன் தம்பி, எட்டு வாரம் நோட்டீசு குடுத்திருக்காங்க. குத்தகைக்காரரு ஏதோ காசு தர்றேன், ஒரு தாள்ல கையெழுத்துப் போடுங்கறாரு. போடலாமா?"

"அவசரப்படாதீங்க. எத்தன வருசம் வேல செஞ்சீங்க?"

"இருவத்திரண்டு வருசம். மொதல்ல பதினாறு வருசம் தோட்டத்துல. அப்புறம் ஆறு வருசம் இவருகிட்ட. வேல என்னமோ அதே வேலதான், அதே காடுதான்."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க உதவித்தொகை விதிகளின்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரை நிறுத்தினால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் தரவேண்டும். இரண்டு வருடம் முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஒரு வருடம் முடித்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 10 நாள். வேலை நின்ற ஏழு நாளுக்குள் அந்தப் பணம் கைக்கு வந்துசேர வேண்டும்.

அக்காவுக்குக் கணக்குப் போடுவோம். நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 22 வருடத்துக்கு 440 நாள், 28,600 வெள்ளி. குத்தகைக்காரரிடம் இருந்த ஆறு வருடம் மட்டும் என்றால் 120 நாள், 7,800 வெள்ளி. நடுவில் தொலைவது 20,800 வெள்ளி! அந்தப் பதினாறு வருடத்துக்குத் தோட்டம் அன்றைக்கே கணக்குத் தீர்த்ததா, அல்லது 'நானாக விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டதா? அக்காவுக்கு ஞாபகமில்லை. "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்கிறார்.

இதே கையெழுத்து இன்னொரு கதவையும் அடைக்கும். 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு, சொக்சோவுக்குப் போகிறது. நம் பங்கு மாதம் மூன்று வெள்ளி சில்லறைதான். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 என்று சட்டம் வகுத்தபோதே எழுதிவைத்தார்கள். அப்புறம் குறைந்துகொண்டே போகும். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக விலகியவருக்குக் கிடையாது. "நீங்களாவே நின்னுக்கிட்டதா எழுதிக்குடுங்க" என்று ஏன் சிரித்த முகத்தோடு கேட்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

இந்த உதவித்தொகை ஏதோ தர்மக் காசு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. சம்பளப் பேரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாசாரில் மீன் குறைந்தால் விலை ஏறுகிறது. தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்கள், கூலி மட்டும் ஏன் தானாக ஏறவில்லை? 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி, 2025-இல் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் உத்தரவு போட்டுத்தானே ஏற்ற வேண்டியிருந்தது?

காரணம், காத்திருக்க முடியாதவனால் பேரம் பேச முடியாது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போச்சு. வந்த வேலையை, சொன்ன சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டுத் தொழிலாளிக்கோ பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டிவைத்தது; அவன் வாய் திறந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவனைத் திட்டுவதில் பயனில்லை. நம் தாத்தாவும் கப்பலில் அப்படித்தானே வந்தார்!

நமக்கு இது புதிதும் அல்ல. ஐம்பது அறுபதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தபோது குடும்பம் குடும்பமாய் வெளியேறினார்கள். அதைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அதே கதை. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று. தோட்டத்தை வாங்கியவர், பழைய நிபந்தனைக்குக் குறையாமல் அதே வேலையைத் தருகிறேன் என்று முறையாகச் சொல்லி, நாம் காரணமில்லாமல் மறுத்தால் உதவித்தொகை கிடைக்காது. ஆனால் வீடு கட்டப்போகிறவருக்குக் குலை வெட்ட ஆள் எதற்கு?

அக்கா அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. நான் கிளம்பும்போது பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். 2009-ஆம் வருடத்துச் சீட்டு ஒன்று அகப்பட்டது. மங்கிப்போயிருந்தாலும் தோட்டத்து முத்திரை தெரிகிறது. திங்கட்கிழமை தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார்.