காரின் தீப்பொறி பிறக்கும் இடம்

யாழ்ப்பாணத்திலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் உளர். அவை வழியில் நின்றுவிட்டால், உடையவர் முதலிற் பழிப்பது 'கொயில்' எனப்படும் தூண்டற்சுருளையே. புதியதொன்றை விலைக்கு வாங்கிப் பூட்டியும் எஞ்சின் எழும்பாதபோது மனஞ் சலித்து வண்டியையே விற்றுவிடுகின்றனர். நல்ல காரும் இவ்வாறு பழைய இரும்பாகிவிடுதல் உண்டு. தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை எனப் பழைய மாணவர் நகைத்தல் கூடும். பொறி என்னும் ஒரு சொல்லே இயந்திரத்தையும் நெருப்புத் துளியையும் குறித்தலின், எமக்கும் சிறிது உரிமை உண்டு என்க.

பற்றறி தருவது 12 வோல்ற்று. பிளக்கின் முனையிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கோ பல்லாயிரம் வோல்ற்று வேண்டும். இக்குறையை நிரப்புவது மைக்கேல் பரடே 1831 இல் கண்ட மின்தூண்டலாகும். கொயிலினுள்ளே தடித்த கம்பிச் சுருள் ஒன்றும், மயிரிழை போன்ற கம்பியாற் பல்லாயிரம் முறை சுற்றிய சுருள் ஒன்றும் உள. முதற் சுருளில் மின்னோட்டம் ஓடும்போது உள்ளிருக்கும் இரும்பு காந்தமாகின்றது, அவ்வளவே. அவ்வோட்டம் சடுதியாக அறும்போதுதான் காந்தப்புலம் குலைந்து, மற்றச் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கின்றது. ஆதலின் மின்னை அறுக்கும் உறுப்பே இங்குத் தலையாயது.

அவ்வுறுப்பு 'டிஸ்ரிபியூற்றர்' மூடியின் கீழிருக்கும் 'பொயின்ற்' ஆகும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், இது செக்கனுக்கு 100 முறை திறந்து மூடவேண்டும். திறக்கும் கணத்தில் மின் அங்கேயே குதித்துப் பாயாவண்ணம் அதனை ஏற்றுக்கொள்வது 'கொண்டென்சர்'. (பழைய பாடநூல்கள் இதனை ஒடுக்கி என்னும்; கராஜிலே அச்சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்காது.) இச்சிறு குழல் பழுதுற்றால் பொயின்ற் முகங்கள் கருகும், பொறி மெலியும், எஞ்சின் சூடேறியபின் நின்றுவிடுதலும் உண்டு. கொயிலின் பழுதும் இக்குறியையே காட்டுதலால் மயக்கம் நேர்கின்றது.

ஆகவே கொயிலைக் கழற்றுமுன் மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும். முகங்கள் அடிக்கடி கருகினால் கொண்டென்சரை ஐயுறுக. 1956 இல் வந்த மொறிஸ் மைனர் 1000 இற்குப் பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் 1,000 கூற்றில் 15 அளவாக இருத்தல் தக்கது. பொயின்றைத் தள்ளித் திறக்கும் சிறு கட்டை தேயத்தேய இடைவெளி குறுகிப் பொறி காலந்தாழ்த்துப் பாயும். மூடியில் மயிர்க்கீறல் உண்டோ, பிளக் வயர்கள் 1-3-4-2 என்னும் முறையிற் பூட்டப்பட்டனவோ என்பவற்றையும் நோக்குக. மாரிக் காலையில் மட்டும் எழும்பாத காருக்கு, மூடியின் ஈரத்தை உலர்ந்த சீலையாற் துடைத்தலே பெரும்பாலும் போதும்.

பிளக்கைப்பற்றி யாழ்ப்பாணத்தார்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1990 களிற் பெற்றோல் அரிதான நாள்களில், சிறிது பெற்றோலால் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களின் பிளக்குகளிற் கரி துடைத்துக் கை கறுத்தவர் நம்மிடையே உளர்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் பொறி வாராதாயின் அப்பொழுது கொயிலை மாற்றலாம். பொறியைச் சோதிக்கும்போது வயரை வெறுங்கையாற் பற்றலாகாது. அருகிற் பெற்றோல் சிந்தியிருத்தலும் ஆகாது.