இரவில் மாறும் வண்டியும் காலையில் ஓட்டும் சாரதியும்

யட்டியாந்தோட்டைப் பகுதியிலே கொழுந்து லொறி ஓட்டிய முதிய சாரதியொருவரை யாம் இளமையில் அறிவோம். லொறி பட்டறைக்குச் சென்று பிரேக்குத் திருத்தப்பெற்று மீண்டுவரும் நாளில் அவர் உடனே மலையிறங்க மாட்டார். தொழிற்சாலைக்கு முன்னுள்ள சமதரையில் மெல்ல ஓட்டி, மூன்று நான்கு முறை மிதித்துப் பார்ப்பார். மிதி எவ்வளவு தாழ்கிறது, வண்டி எப்பக்கம் இழுக்கிறது என்று கவனிப்பார். காரணம் கேட்ட எமக்கு, “லொறிக்கு ஒண்ணும் இல்லை தம்பி, என் காலுக்குத்தான் இன்னும் தெரியாது” என்றார். மோட்டார் வண்டிகளின் புதுமையொன்றைப் பற்றி இம்மலருக்கு எழுதப் புகுந்தபோது அவர் மொழியே முதலில் நினைவிற்கு வந்தது.

தன்னைத் தானே ஓரளவு செலுத்திக்கொள்ளும் வண்டிகள் இன்று உலகில் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமொன்று 2014 இல் இவற்றைப் பூச்சியம் முதல் ஐந்து வரையான படிகளாக வகுத்தது. முதற்படியில் வண்டி சுக்கானையோ வேகத்தையோ ஏதேனும் ஒன்றை மட்டும் கவனிக்கும். இரண்டாம் படியில் இரண்டையும் தானே கவனிக்கும். ஆயினும் வீதியைப் பார்த்திருக்கும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையதே. வழக்கில் பெரிதும் உள்ளது இவ்விரண்டாம் படியே. இதிலே கைக்கு வேலை குறைகிறது; கண்ணுக்கு விடுதலை இல்லை. இந்த நிலையே இடர்களுக்கெல்லாம் பிறப்பிடம் என்பது எமது கருத்து.

வண்டியின் கண்களாக நிற்பன படக்கருவிகளும், சிலவற்றில் ரேடார்க் கருவியும். அவை காண்பனவற்றை ஆராய்ந்து, இது கோடு, இது மனிதன், இது நிழல் என்று தீர்ப்பது வண்டியினுள்ளிருக்கும் கணினி. அக்கணினிக்கு வேண்டிய ஆணைகளின் தொகுதியே மென்பொருள். பழைய காலத்து வண்டியின் குணத்தை மாற்றுவதாயின் திறாங்கு எடுத்துக் கழற்றவேண்டும். இக்காலத்து வண்டிக்கோ புதிய மென்பொருள் வானலை வழியாக வந்து சேருகிறது. உரிமையாளர் உறங்கும் இரவில் வண்டி புதிய குணம் பெற்றுவிடுகிறது. இதனை இற்றைப்படுத்தல் என்பர்.

டெஸ்லா நிறுவனம் 2014 ஒக்டோபர் முதல் தன் வண்டிகளில் இதற்கான கருவிகளைப் பொருத்தி, ஓராண்டின் பின் 2015 ஒக்டோபரில் அவற்றை இயக்கும் மென்பொருளை அனுப்பியது. மாலையில் சாதாரண வண்டியாய் நின்றது, மறுநாட் காலையில் வளைவுக்கேற்பத் தானே திரும்பிற்று. சாரதிகளின் களிப்புக்கு அளவில்லை. கையை எடுத்துவிட்டு ஓட்டும் காட்சியைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியோரும் உளர். மூன்று மாதங்கள் கழித்து, 2016 சனவரியில் வந்த அடுத்த இற்றைப்படுத்தல், குடியிருப்பு வீதிகளிலும் நடுப்பிரிப்பற்ற வீதிகளிலும் வேகத்துக்கு எல்லை கட்டியது. விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஆற்றலை விற்றவரே இரவோடிரவாகக் குறைப்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. மனிதர் எதிர்வினையின் இரு முகங்களும் அவ்வளவு விரைவில் வெளிப்பட்டன.

அதே ஆண்டு மே 7 ஆந் திகதி, புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்னும் ஊருக்கருகில், வீதியைக் குறுக்கறுத்த பாரவூர்தியின் கீழ் டெஸ்லா வண்டியொன்று பாய்ந்து அதன் சாரதி உயிரிழந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் ஆராய்ச்சி சொல்வதைக் கேளுங்கள்: தானியக்கம் செயற்பட்ட 37 நிமிடங்களில் அவரது கை சுக்கானில் இருந்ததாக அறியப்பட்ட நேரம் 25 விநாடிகளே. அவ்வாண்டு செப்டெம்பரில் வந்த எட்டாம் பதிப்பு, ஒரு மணித்தியாலத்துள் மும்முறைக்கு மேல் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவருக்கு, வண்டியை நிறுத்தும்வரை தானியக்கத்தை மறுத்தது. அங்குள்ள சாரதிகள் இதற்குச் ‘சிறை’ என்று பெயர் வைத்தனர்! நன்மைக்கென விதித்த கட்டுப்பாட்டை நகைப்புக்குரியதாக்குவது மனித இயல்பு போலும்.

நகைப்பு அம்மட்டில் நிற்கவில்லை. சுக்கானில் கை இருக்கிறதா என்பதை வண்டி அறிவது, கை தரும் சிறு விசையினாலே. ஆகவே சுக்கானின் இடைவெளியில் தோடம்பழத்தைச் செருகி வண்டியை ஏமாற்றியோர் தோன்றினர். இதற்கெனவே எடைக்கட்டி செய்து விற்றோரும் தோன்றினர். 2018 இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் அவ்விற்பனையை நிறுத்தும்படி கடிதம் அனுப்ப நேர்ந்தது. வேறு நிறுவனங்கள் சாரதியின் கண்ணையே நோக்கும் படக்கருவியைப் பொருத்தின. கை பொய் சொல்லினும் கண் பொய் சொல்லாது என்பது அவர்கள் கணக்கு.

இச்சாரதிகளை மூடர் என்று தள்ளிவிடுதல் நீதியன்று. லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1983 இலேயே, தானியக்கத்தின் முரண்நகைகள் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். ஆலைகளிலும் விமானங்களிலும் யந்திரம் எவ்வளவுக்குத் திறம்பட வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு மனிதன் பயிற்சியை இழக்கிறான். ஆனால் யந்திரம் கைவிடும் மிகக் கடினமான கணத்திலே அவனையே அழைக்கிறார்கள் என்பது அதன் சாரம். நூறு முறை சரியாகத் திரும்பிய வண்டியை நூற்றோராவது முறை ஐயுறுவது எவர்க்கும் எளிதன்று. இற்றைப்படுத்தல் இச்சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. சாரதி பல மாதம் பழகி, இன்ன இடத்தில் வண்டி தடுமாறும், இன்ன இடத்தில் நம்பலாம் என்று மனத்தில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறான். அப்படம் ஒரே இரவில் பழையதாகிவிடுகிறது. வண்டி முன்னிலும் சிறந்ததாய் மாறினும் இவ்வாறே. ஏனெனில் அவன் அறிந்த வண்டி அதுவன்று.

முன்னிலும் கெட்டதாய் மாறிய காலமும் உண்டு. 2021 ஒக்டோபர் இறுதியில், தெரிந்தெடுத்த சாரதிகளுக்குப் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்ட டெஸ்லா மென்பொருளின் ஒரு பதிப்பு, எதிரில் எதுவும் இல்லாதபோது மோதல் எச்சரிக்கை செய்தது. சில வண்டிகள் காரணமின்றிப் பிரேக்குப் பிடித்தன. வண்டியினுள்ளிருந்த இரு கணினிச் சில்லுகளிடையே தொடர்பு அறுந்ததே காரணம். நிறுவனம் உடனே பழைய பதிப்புக்குத் திருப்பி, பின்னர் 11,704 வண்டிகளை முறைப்படி மீளழைப்புக்கு உட்படுத்தியது. மீளழைப்பு என்றவுடன் வண்டி பட்டறைக்குச் சென்றதென எண்ணற்க. இன்னோர் இற்றைப்படுத்தல் வந்தது, அவ்வளவே. இப்பரீட்சையுடன் தொடர்பில்லாத சாதாரண வண்டிகளிலும் வெறும் வீதியில் திடீரெனத் தடைபிடிக்கும் குணம் தோன்றியது. சாரதிகள் அதனைப் பேய்ப் பிரேக்கு என்றனர். 2022 பெப்ரவரியில் அரசாங்கம் விசாரணை தொடங்கியபோது, ஒன்பது மாதங்களில் 354 முறைப்பாடுகள் சேர்ந்திருந்தன. பின்னால் பாரவூர்தி நெருங்கி வருகையில் இவ்வாறு நேர்ந்தால் சாரதியின் நெஞ்சம் என்ன பாடுபடும்! ஒருமுறை அஞ்சியவன் பின் அக்கருவியை நம்புவதில்லை. மெய்யாகவே ஆபத்து வரும்போதும் நம்பமாட்டான்.

விந்தையான வழக்கொன்றும் உண்டு. நாற்புறமும் நிற்கவேண்டிய சந்திகளிலே, முற்றாக நில்லாமல் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்ல அம்மென்பொருள் இடங்கொடுத்தது. மனிதரிற் பலர் செய்வதும் அதுவே. ஆயினும் சட்டம் சட்டமே. 2022 இன் தொடக்கத்தில் 53,822 வண்டிகளில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. அதன்பின் தம் வண்டி பின்னால் வருவோர் சினக்கும்படி நிற்கிறதே என்று வருந்தினோர் சிலர்.

யாவற்றிலும் பெரியது 2023 டிசெம்பரில் நிகழ்ந்த மீளழைப்பு. அமெரிக்காவிலுள்ள இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா வண்டிகளுக்கு, சாரதியின் கவனத்தைக் கூடுதலாக வற்புறுத்தும் இற்றைப்படுத்தல் அனுப்பப்பட்டது. நான்கு மாதத்தின் பின் அதே பாதுகாப்பு நிருவாகம், அம்மருந்து போதுமானதா என்று மீண்டும் விசாரிக்கத் தொடங்கியது. மருந்தின் ஒரு பகுதி உரிமையாளரின் இசைவை வேண்டிநின்றதும், இசைந்தவரும் எளிதில் மாற்றிவிடக் கூடியதாயிருந்ததும் அங்கே குறிப்பிடப்பட்ட குறைகள். நச்சரிப்பைப் பொறாத மனிதன் விசையை அணைப்பான் என்பது தெரிந்ததன்றோ.

வானூர்தியிலும் இதற்கொப்பான கொடுமை நிகழ்ந்தது. போயிங் 737 மக்ஸ் விமானத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட மென்பொருளொன்று, விமானிகளின் கையேட்டில் விவரிக்கப்படவில்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எதியோப்பியாவிலுமாக 346 உயிர்கள் மாண்டன.

இவை தொலைதேசத்துச் செய்திகள் என்று சப்பிரகமுவையில் வாழ்வோர் இருந்துவிட இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. யப்பானிய மீள்சீரமைப்பு வண்டிகளிலும் சீன மின்வண்டிகளிலும் முன்தடைக் கருவியும் கோடு விலகல் எச்சரிக்கையும் சாதாரணமாய் உள்ளன. இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, பலாங்கொடை செல்லும் வீதியை எண்ணிப் பாருங்கள்: கொட்டும் மழை, இரத்தோட்டமில்லாதவன் முகம்போல் வெளிறிய மூடுபனி, வளைவுக்கு வளைவு வெளிப்படும் முச்சக்கர வண்டி, கொழுந்துச் சாக்குடன் ஓரத்தில் நடக்கும் பெண்கள். தோட்டத்துக்குள் திரும்பினாலோ கோடு என்பதே இல்லை. நெடுஞ்சாலைக்குப் பழகிய கருவி இங்கே ஓயாது அலறும், சாரதி அணைத்துவிடுவார். அணைப்பது தவறு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அணைத்திருப்பதை அடுத்து ஓட்டுபவருக்குச் சொல்லாமை தவறு.

ஐக்கிய நாடுகளின் 156 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, இற்றைப்படுத்தலின் நோக்கத்தையும் அதனால் விளையும் மாற்றத்தையும் வண்டியைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்கவேண்டுமென விதிக்கிறது. சீன அரசும் 2025 ஏப்பிரலில் அடிக்கடி இற்றைப்படுத்துவதைக் கண்டித்து, விளம்பரச் சொற்களுக்கும் வரம்பு கட்டியது. நல்லவை. ஆனால் அறிவித்தல் யாரைச் சேரும்? எம் பகுதியில் வண்டி ஒருவருடையது, ஓட்டுபவர் இன்னொருவர். செய்தி செல்வது முதலாளியின் கைத்தொலைபேசிக்கு. அதிகாலையில் கட்டுநாயக்காவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்பவரோ சம்பளச் சாரதி. திரையில் தெரியும் எழுத்து யப்பானியமாகவோ ஆங்கிலமாகவோ இருக்கும். முதல்நாள் வரை மெல்லத் தடைபிடித்த வண்டி இன்று கடிதிற் பிடிக்கும் என்பதை, கேகாலை வீதியில் பேருந்தொன்று பின்தொடரும் வேளையில்தான் அவர் அறியவேண்டியிருக்கிறது. பழி வந்தாலும் அவர்மேலேதான் வரும்.

வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்கள் செய்யக்கூடியது சிறிது. இற்றைப்படுத்தல் வந்த நாளில், மாற்றம் இன்னதென்று தமிழிலோ சிங்களத்திலோ நான்கு வரி எழுதிச் சாரதியின் கையிற் கொடுத்து, மலையிறங்குமுன் சமதரையில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுங்கள். அந்த அரைமணி நேரத்தை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.