வேட்டைத் தோட்டாக்களின் கதை – 9: இடுப்பில் ஒரு வளையம்

விளிம்பு வைத்த தோட்டாக்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு விளிம்பு வசதிதான். குழலை மடக்கித் தோட்டாவைச் செருகினால் விளிம்பு வாயிலேயே தடுத்து நிறுத்திவிடும். போல்ட் துப்பாக்கிக்கு அது சரிப்படாது. மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு மற்றதில் மாட்டிக்கொள்ளும். எதிரே காட்டெருமை நிற்கும் நேரத்தில் போல்ட் சிக்கினால் அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

1912-ல் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தை வெளியிட்டது. அதன் அடியில், எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் பள்ளத்துக்குச் சற்று மேலே, குழந்தை இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு பித்தளை வளையம் இருக்கும். அதற்குப் பெயர் பெல்ட். தனியாக மாட்டியதல்ல, கூட்டோடு சேர்ந்தே உருவானது. விரல் நகத்தை ஓட்டினால் மெல்லிய படி தட்டுப்படும், அவ்வளவுதான். விளிம்பு செய்த வேலையை இது செய்தது, மேகஸினிலும் மாட்டவில்லை.

சாதாரணமாக விளிம்பில்லாத தோட்டா தன் தோளில்தான் நிற்கும். அதாவது, கூட்டின் அகலம் குறைந்து கழுத்தாகும் அந்தச் சரிவில். இங்கே ஏன் தோளை நம்பவில்லை? .375-ன் தோள் 15 டிகிரிதான். அதே வம்சத்தில் 1925-ல் வந்த .300 ஹெச் அண்ட் ஹெச்சுக்கு எட்டரை டிகிரி. அதைத் தோள் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். இப்படி வழுக்கலாகச் செய்ததற்குக் காரணம் அன்றைய மருந்தான கார்டைட். அது நீள நீளக் குச்சிகளாக வரும். கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே கட்டுக்கட்டாகக் கூட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். வெயில் ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும். ஆப்பிரிக்கச் சூட்டில் சுட்ட கூடு அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர வேண்டுமானால், உடல் அடியிலிருந்து நுனிவரை சீராகக் குறுகியிருக்க வேண்டும். அந்தச் சரிவு வேண்டுமென்றால் நல்ல தோள் கிடையாது; நல்ல தோள் இல்லையென்றால் பெல்ட் வேண்டும். மூன்றும் ஒரே முடிச்சு.

1935-ல் பென் கம்ஃபர்ட் என்பவர் .300 ஹெச் அண்ட் ஹெச்சை வைத்து, கேம்ப் பெர்ரியில் ஆயிரம் கெஜ தூரப் போட்டியான விம்பிள்டன் கோப்பையை வென்றார். அமெரிக்கர்களின் கண் அதன்மேல் விழுந்தது. அவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி. 1944-ல் அவர் செய்ததைச் சொன்னால் பெல்ட்டின் இன்னொரு குணம் புரியும். துப்பாக்கியின் அறையைக் கொஞ்சம் அகலமாக, தோளை நிமிர்த்திக் குடைந்தார். அதற்குள் சாதாரண .300 ஹெச் அண்ட் ஹெச்சைப் போட்டுச் சுட்டார். வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து, அறையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. அதுதான் .300 வெதர்பி மேக்னத்தின் கூடு. தோளைச் சுற்றி இத்தனை இடம் காலியாக இருந்தும் தோட்டா ஆடாமல் நின்றதற்குக் காரணம், பிடிமானம் பெல்ட்டில் இருந்ததுதான்.

மிச்சமிருந்தது நீளப் பிரச்சினை. .375 முழுத் தோட்டா 91 மி.மீ. அதற்கென்று நீளமான, விலை கூடிய மெக்கானிசம் வேண்டும். அமெரிக்கர்கள் கையில் இருந்ததோ பெரும்பாலும் .30-06 அளவுத் துப்பாக்கிகள். அதன் தோட்டா 85 மி.மீ. வின்செஸ்டர் கம்பெனி அதே பெல்ட்டை வைத்துக்கொண்டு கூட்டைக் குட்டையாக்கியது. 1956-ல் .458, 1958-ல் .338. போட்டிக்கு ரெமிங்டன் 1962-ல் 7 மி.மீ. மேக்னத்தை விட்டது. அடுத்த ஆண்டே வின்செஸ்டரின் .300.

இவற்றில் .458 தனி ரகம். கூடு ஏறக்குறைய நேர்க்குழாய், தோளே இல்லை. ஆகவே பெல்ட் அங்கே நியாயமானது. ஆனால் யானைக்கான குண்டைத் தள்ள 63.5 மி.மீ. கூட்டில் இடம் போதவில்லை. மருந்தை அமுக்கி அமுக்கித் திணித்தார்கள். அது நாளாவட்டத்தில் கட்டிதட்டிப்போய், சொன்ன வேகம் கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தது. 1959-ல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற வேட்டை எழுத்தாளரைக் காட்டெருமை தூக்கி எறிந்தது. அவர் கையில் இருந்தது .458. பிழைத்து வந்தவர் கூட்டை 71 மி.மீ.க்கு நீட்டி .458 லாட்டை உருவாக்கினார். அதன் அறையில் பழைய .458 வின்செஸ்டரையும் போட்டுச் சுடலாம். இரண்டும் நிற்பது ஒரே பெல்ட்டில்தானே!

.300 வின்செஸ்டருக்கும் 7 மி.மீ. ரெமிங்டனுக்கும் இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. இரண்டுக்கும் 25 டிகிரியில் திடமான தோள் உண்டு, கார்டைட்டும் ஒழிந்துவிட்டது. என்னைக் கேட்டால் அங்கே பெல்ட் வெறும் விளம்பரம். மேக்னம் என்றால் பெல்ட் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் நினைத்தார், விற்கிறவர் வைத்தார். அதில் ஒரு சங்கடமும் உண்டு. பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் அறையின் தோள் பகுதியைத் தாராளமாகக் குடைந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு முன்னோக்கி நீளும். பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுகிறவர்கள் அந்த இடத்தில் பளபளக்கும் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் கூடு குப்பைக்கு.

.300 வின்செஸ்டரின் கழுத்தைப் பற்றியும் அந்நாளில் நிறைய முணுமுணுப்பு. மருந்துக்கு இடம் கூட்டத் தோளை முன்னே தள்ளினார்கள். மொத்த நீளம் கூடக் கூடாது. ஆகக் கழுத்து குறுகி 6.7 மி.மீ. ஆனது. குண்டின் விட்டமே 7.8 மி.மீ. விட்டத்தைவிடக் குட்டையான கழுத்து குண்டை நேராகப் பிடிக்காது என்பது அன்றைய வாதம். அமெரிக்க ராணுவத்தின் எம் 2010 ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு அதே தோட்டாதான் பிற்பாடு தேர்வானது.

அடுத்த வாரம்: பெல்ட்டே கட்டாத .404 ஜெஃப்ரியும் அதன் பேரப்பிள்ளைகளும்.

(தொடரும்)