நீர் சுமக்கும் வெப்பம்

இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தோராயமாக 5 வாட் வெப்பம் வருகிறது. 1000 வாட் பெட்டி, 200 சதுர சென்டிமீட்டர் தகடு என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு இது. இன்டெலின் கோர் ஐ9-14900கே ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அதன் சிலிக்கான் சில்லோ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட், இஸ்திரிப் பெட்டியைப் போல் இருபது மடங்கு. இழுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேறும். வெளியேற வழி போதாமல் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இந்தச் சூட்டை இறக்கத்தான் சிலர் பம்ப், ரேடியேட்டர், தொட்டி, குழாய் என்று தனித்தனியாக வாங்கி, கேபினெட்டுக்குள் ஒரு நீர்ச்சுற்றை அமைக்கிறார்கள். வண்ண விளக்கும் கண்ணாடிபோன்ற குழாய்களும் பார்வையை இழுத்தாலும், என்னை வியக்க வைப்பது உள்ளே ஓடும் நீர் செய்யும் வேலைதான். நீர் எதையும் குளிரச் செய்வதில்லை. சூட்டை ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டு இன்னோரிடத்தில் இறக்குகிறது, அவ்வளவுதான்.

சுமப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற 1.2 ஜூல் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 4180 ஜூல் வேண்டும். ஏறத்தாழ 3500 மடங்கு! ஆனால் சூட்டை வாங்கிக்கொள்வதில் நீர் மந்தம். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் 400 என்றால், அதே அளவையில் நீருக்கு 0.6. அதோடு, எவ்வளவு வேகமாக ஓடினாலும் உலோகத்தை ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் அசையாமல்தான் நிற்கும். அதைக் கடந்துதான் வெப்பம் ஓடும் நீரைச் சேர வேண்டும்.

இதற்கு 1981இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் டக்கர்மேனும் ஃபேபியன் பீஸும் ஒரு வழி கண்டார்கள். சிலிக்கானிலேயே 50 மைக்ரோமீட்டர் அகலத்தில், தலைமுடிப் பருமனில், வரிசையாக வாய்க்கால்கள் செதுக்கி அவற்றில் நீரைச் செலுத்தினார்கள். வாய்க்கால் குறுகக் குறுக, வெப்பம் நீருக்குள் கடக்கவேண்டிய தூரமும் குறைகிறது. சீராக ஓடும் நீரில் அகலத்தைப் பாதியாக்கினால், அதே பரப்பிலிருந்து வெப்பம் ஏறும் வேகம் இரட்டிப்பாகும். அவர்கள் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் எடுத்துக்காட்டினார்கள். சில்லின் சூடு, உள்ளே வந்த நீரைவிட 71 டிகிரிதான் கூடுதலாக இருந்தது. குறுகிய வாய்க்காலில் நீரைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை. இன்று ப்ராசஸர்மேல் பொருத்தும் ‘வாட்டர் பிளாக்’கைத் திறந்து பாருங்கள்: செப்புத் தகட்டில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், சீப்புப் பற்களாய் நெருங்கி நிற்கும் மெல்லிய துடுப்புகள். அதே யோசனைதான்.

மாட்டும் வேலையில் ஒவ்வொரு கட்டமும் இந்தக் குணங்களுக்குக் கட்டுப்பட்டது. ப்ராசஸரின் மூடியும் பிளாக்கின் அடியும் பளபளவென்று தெரிந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்த இடுக்கில் காற்று நின்றுவிடாதபடி பேஸ்ட் பூசி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் குழாயை வளைப்பதற்கு முன் உள்ளே சிலிக்கோன் கயிற்றைச் செருகி, ஹீட் கன்னுக்கு முன்னால் விரல்களால் உருட்டிக்கொண்டே காட்டுவார்கள். குழாய் தன் எடைக்கே தொய்யும் கணத்தில் வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும். வெட்டிய முனையையும் வழவழப்பாகத் தேய்த்தாக வேண்டும். பிசிறு ஒன்று ஓ-ரிங்கைக் கீறினால் போதும், கசிவுக்கு வழி திறந்துவிடும்.

நீர் ஊற்றும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் போகக்கூடாது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முள் இணைப்பைக் கழற்றி, அதில் ஜம்பர் மாட்டி, பம்பை மட்டும் ஓட்டுவார்கள். பம்ப் வறண்டு ஓடினால் கெட்டுவிடும், அதன் தாங்கிக்கு மசகே அந்த நீர்தான். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம் வைத்து ஈரம் தெரிகிறதா என்று பார்த்தபின், கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, சிக்கிய குமிழிகளைத் தொட்டிக்கு விரட்ட வேண்டும். இந்தப் பொறுமை வீண் போகாது. துடுப்புகளுக்கிடையே குமிழி நிற்கும் இடத்தில் நீரே இல்லை, சூடு இறங்க வழியும் இல்லை.

செப்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பதை மட்டும் எந்த விலைக்குறைப்புக்காகவும் செய்யக்கூடாது. இரண்டு உலோகமும் ஒரே நீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டு, அந்தத் துகள்கள் போய் வாய்க்கால்களை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரானாலும் நாளடைவில் உலோகத்திலிருந்து அயனிகளை வாங்கிக்கொள்ளும். அரிப்பைத் தடுக்கவும் பாசி பிடிக்காமலிருக்கவும் மருந்து சேர்ப்பது அதனால்தான்.

ப்ராசஸரிலிருந்து வரும் குழாய் கொதிக்கும், ரேடியேட்டரிலிருந்து வரும் குழாய் சில்லிட்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடி 250 வாட்டைச் சுமந்தால், பிளாக்கைக் கடக்கையில் அது சூடாவது ஒரு டிகிரிகூட இல்லை. சுற்று முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை! அதனால் கிராஃபிக்ஸ் கார்டு முதலிலா ப்ராசஸர் முதலிலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, குழாய் எப்படி எளிதாகப் போகுமோ அப்படியே விடலாம். விசிறியின் வேகத்தை நீரின் சூட்டோடு இணைப்பதும் நல்லது. ப்ராசஸரின் சூடு நொடிக்கு நொடி குதிக்கும், நீரின் சூடோ மெல்லத்தான் மாறும். ரேடியேட்டரே இல்லாவிட்டாலும், ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற அந்த 250 வாட்டுக்கு 17 நொடி பிடிக்கும்.

எத்தனை ரேடியேட்டர் வைத்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே நீர் இறங்காது. மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரி என்றால் நீர் அதற்கும் மேலேதான் நிற்கும். தொட்டால் வெதுவெதுப்பான அந்த நீர், 80, 90 டிகிரியில் வேலை செய்யும் சில்லுக்குத் தாராளமாகப் போதும். இதை இன்னும் துணிந்து செய்துகாட்டியது ஐபிஎம் நிறுவனமும் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் 2010இல் அமைத்த ‘அக்வாசர்’ சூப்பர் கம்ப்யூட்டர். 60 டிகிரி வரை சூடான நீரை ப்ராசஸர்களுக்குள் செலுத்தி, இன்னும் சூடேறி வெளிவரும் அந்த நீரின் வெப்பத்தைப் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கதகதப்பாக்கப் பயன்படுத்தினார்கள்.