கதிரியக்க ஊசி என்றதும் கலங்க வேண்டாம்!

மும்பை பரேலில் 1941-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தாராவி, மாதுங்கா, செம்பூர் தமிழர்களும் அவர்களில் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் தேதி குறித்தபின், இந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சில பெண்களிடம் "முதலில் ரேடியோ ஆக்டிவ் ஊசி போட வேண்டும்" என்கிறார்கள். அணுகுண்டு நினைவு வந்து வீட்டார் நடுங்கிப் போகிறார்கள். ஊசி எதற்கு என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. அங்கே இருப்பது நிணநீர்க் கணு. ரத்தத்தைப் போலவே நிணநீரும் தனிக் குழாய்களில் ஓடுகிறது. வழியில் உள்ள செக்போஸ்டுகளே கணுக்கள். மார்பில் உள்ள புற்று பரவத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் அக்குள் கணுக்களில்தான் தங்கும்.

முன்பெல்லாம் அக்குள் கணுக்களில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதனால் பலருக்குக் கை வீங்கியது. தோளை உயர்த்த முடியவில்லை. குடம் தூக்கி, மாவாட்டி, துணி துவைத்துப் பிழைக்கும் பெண்ணுக்குக் கை போனால் பிழைப்பும் போயிற்று.

1992-இல் அமெரிக்க டாக்டர் டொனால்ட் மார்ட்டன் நீலச் சாயத்தாலும், 1993-இல் டாக்டர் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தாலும் முதல் கணுவை மட்டும் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்கள். முதல் கணுவில் நோய் இல்லையென்றால் மற்றவற்றில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றை வெட்டாமல் விடலாம்.

ஊசி எப்படி?

ஆபரேஷனுக்கு முதல் நாளோ, அன்று காலையிலோ மார்பில் தோலுக்கடியில் போடுவார்கள். சில விநாடி எரியும். பிறகு கேமராவின் கீழ் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். ஆபரேஷனின்போது பேனா போன்ற கருவி ஒலி எழுப்பிக் கணுவைக் காட்டும். நீலச் சாயமும் சேர்த்தால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகலாம், பயமில்லை.

மருந்தில் இருப்பது டெக்னீஷியம்-99எம். இதன் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். அளவும் சிறியது. முடி கொட்டாது. இது பரிசோதனையே தவிர, சிகிச்சை அல்ல.

மறைக்காமல் சொல்லுங்கள்

கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் எத்தனை மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, கைகளைக் கழுவுவது நல்லது.

அக்குள் கணுவில் நோய் இருப்பது முன்பே உறுதியாகிவிட்டால் இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

ரயில் சலுகை

சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சர்டிபிகேட் வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

இந்தியோ மராத்தியோ புரியாதவர்கள், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது அவசியம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், "முதல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பிழைக்கும் கையைக் காப்பாற்ற அந்த ஒரு கேள்வி உதவலாம்.