பாக்கெட்டில் ஏறிப்போன கடிகாரம்

மஞ்சள் டயல், சுற்றிலும் நீலமும் சிவப்புமாக ஒரு வளையம். பழைய செய்கோ 6139 ரகக் கடிகாரம் இது. ஆனால், சேகரிப்பாளர்கள் இதை 'போக்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

வில்லியம் போக், அமெரிக்க விண்வெளி வீரர். 1973 நவம்பரில் ஸ்கைலேப் நிலையத்துக்குப் புறப்பட்டபோது நாசா கொடுத்தது, கையால் சாவி கொடுக்கும் ஒமேகா. போக்குக்கோ, பயிற்சியில் பழகிய தன் சொந்த செய்கோவைப் பிரிய மனமில்லை. அனுமதி கேட்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்!

அது தானியங்கி. கை அசையும்போது உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். எடையே இல்லாத இடத்தில் அது சுழலுமா? சுழன்றது. ஈர்ப்பு இல்லாவிட்டாலும், கையை வீசினால் தகட்டின் நிலைமம் போதுமே. 84 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு, 1974 பிப்ரவரியில் அவரோடு பூமிக்குத் திரும்பியது.

2008-இல் அதே கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட 6,000 டாலர். அவர் கடையில் கொடுத்ததோ, நூறு டாலருக்கும் குறைவு.